உப்பில்லாக் கொழுக்கட்டைக்கு ஒரு காரணம்

இந்த ஆடி முடிவதற்குள் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பின் ரகசியத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக லிங்கராஜ் அண்ணாச்சி சபதம் செய்தார். மனசுக்குள்தான் செய்தார். அதனால் மீசைக்கு ஆபத்தில்லை.

தூத்துக்குடி சிவன் கோயில் பக்கத்தில் அவருக்குப் பூஜைச் சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, திரிநூல் எல்லாம் காசுக்கு. காரணம் மட்டும் இலவசம். எதை வாங்கினாலும் அது ஏன், எதற்கு என்று சொல்லித்தான் பொட்டலம் கட்டுவார். கற்பூரம் ஏன்? மிச்சம் வைக்காமல் கரைகிறதே, நம்முடைய அகந்தையும் அப்படிக் கரைய வேண்டும். தேங்காய்க்கு ஏன் மூன்று கண்? சிவனுக்கு மூன்று கண். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் ஏன்? அதற்கு ஒரு கதையே உண்டு. பெருமாளின் சக்கரத்தைப் பிள்ளையார் விளையாட்டாக வாயில் போட்டுக்கொண்டார். மிரட்டினாலும் கெஞ்சினாலும் துப்பவில்லை. தாய்மாமன் என்ன செய்வார்? நாலு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். மருமகன் சிரித்த சிரிப்பில் சக்கரம் வெளியே வந்து விழுந்தது.

இத்தோடு விடமாட்டார். காது நரம்பு, மூளைக்கு ரத்தம் என்று ஒரு அறிவியல் காரணமும் பின்னாலேயே வரும். அறிவியலை அவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கற்பூரம் வாங்கப் போன இடத்தில் அதையெல்லாம் கேட்பது மரியாதையில்லை. இந்தக் காரணங்களைப் போனில் பிடித்து 'தினம் ஒரு காரணம்' என்று வீடியோவும் போட்டு வந்தார். ஊரில் அவருக்குக் 'காரண அண்ணாச்சி' என்றே பேர்.

அப்படிப்பட்டவரின் கடைக்குப் பானுப்ரியா வந்து நின்றாள். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கம்ப்யூட்டர் டீச்சர். சேலத்துக்காரி.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வர்ற செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுல நோன்புன்னு உமா அக்கா கூப்பிட்டிருக்காங்க. எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்சு இது கிடையாது. கொழுக்கட்டைக்கு ஏன் உப்புப் போடக் கூடாது?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

இந்த நோன்பைப் பற்றி எல்லா ஆண்களுக்கும் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். ஆடி, தை, மாசிச் செவ்வாய்களில் ராத்திரி பெண்கள் மட்டும் கூடுவார்கள். 'அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி' என்று அதற்கு ஒரு வசனம். ஆண் என்றால் கைக்குழந்தைகூட வீட்டுக்குள் இருக்கக் கூடாது. உப்பில்லாமல் விதவிதமாகக் கொழுக்கட்டை அவிப்பார்கள். ஆண் அதைப் பார்க்கக் கூடாது, தின்னவும் கூடாது. கடைசியில் ஒரு கதை சொல்வார்கள். அது ஆண் காதில் விழவே கூடாது.

"அது வந்தும்மா..."

"பரவால்ல அண்ணாச்சி. அக்காகிட்டயே கேட்டுக்கறேன்."

காரணம் இல்லாமல் திரும்பிப்போன முதல் வாடிக்கையாளர் அவள்தான். கடையில் நின்ற மற்ற ஆட்கள் சூடத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு அவமானத்தில் காது சுட்டது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவி உமாராணியிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏளா, அந்த நோன்புல என்னதான் செய்வீங்க?"

"கொழுக்கட்ட."

"அது தெரியும். பொறவு?"

"திம்போம்."

"கதை ஒண்ணு சொல்லுவீங்கள்லா?"

"சொல்லுவோம்."

"யாரு கதை?"

"சாமி கதை."

"எந்தச் சாமி?"

"கும்பிடுத சாமி."

"ஆம்பள கேட்டா என்ன ஆவும்?"

"தெரியாதே. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. மோர் ஊத்தவா?"

மோர் புளித்தது. சந்தேகமும் சேர்ந்து புளிக்க ஆரம்பித்தது. அண்ணாச்சி பழசையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். போன ஆடியில் நோன்பு; ஆவணியில் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. தையில் நோன்பு; அவர் தங்கச்சி குடும்பத்தோடு வந்து தங்குவதாக இருந்தது, வரவில்லை. மாசியில் நோன்பு, பங்குனியில் அவர் சிகரெட்டை விட்டார். அதைத் தானாகத்தான் விட்டதாக அவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

உப்பின் மர்மமும் அப்போது விளங்கியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வீட்டுக்கு உப்பு வாங்கிப் போடுவது யார்? புருஷன். கொழுக்கட்டையில் உப்பு விழுந்தால் புருஷன் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் மனசு இளகும். மனசு இளகினால் சதி கெடும். ஊரைச் சுற்றி உப்பளமாகக் கிடக்கும் தூத்துக்குடியில் ஒரு சிட்டிகை உப்புக்குக் கை நீளவில்லை என்றால் வேறு என்ன அர்த்தம்? உள்ளே தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அது ஒன்றுதான் அவர் சந்தேகப்படாத விஷயம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுக்களைக்குள் நுழைந்தார். தன் பழைய போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுக் கடுகுச் சம்படத்துக்குள் வைத்து, மூடியை ஒருக்களித்து மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஏளா, அந்தக் கடுகுச் சம்படத்த இன்னைக்குத் தொறக்காத. மூடி தகரம். கையக் கிழிச்சிரும்."

"கொழுக்கட்டைக்கு எதுக்குங்க கடுகு?"

"அதான், தொறக்காதன்னு சொல்லுதேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அண்ணாச்சிக்கு மட்டும் அது முன்னெச்சரிக்கையாகப் பட்டது.

வீட்டை விட்டு விரட்டப்பட்டவர், மீன்பிடித் துறைமுகம் போகிற ரோட்டில் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கூட வில்பிரட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து சேக்காளி. ஜாதி ஜனம் கோயில் எல்லாம் வேறானாலும் இருவருக்கும் ஒரே டீக்கடை.

"ஏலே லிங்கராஜ், அவங்க ஒரு ராத்திரி நிம்மதியா கொழுக்கட்ட அவிச்சிட்டுப் போவட்டும்லே. உனக்கு எங்கன நோவுது?"

"உள்ள என்ன பேசுதாங்கன்னு தெரியாண்டாமா?"

"எங்க வீட்டுல ஜெஸ்மி என் முன்னாலதான் ஜெபமாலை சொல்லுதா. நடுவுல என் பேரு வந்துச்சான்னு நான் கேட்டதே இல்ல. கேட்டா வயித்தக் கலக்கும். டீயக் குடி."

மறுநாள் காலையில் உமாராணி குளிக்கப் போன நேரம் சம்படத்தைத் திறந்தார். போன் பத்திரமாக இருந்தது. சார்ஜ் முழுசாக இருந்தது. பழைய போன் என்றாலும் என்னமாய் நிற்கிறது என்று மெச்சிக்கொண்டார்.

கடைக்குப் போய்க் காதில் மாட்டினார். வளையல் சத்தம். சிரிப்பு. பிறகு எதிர்வீட்டுச் சண்முகத்தாயின் கணீர்க் குரல். தெருவில் எந்த விசேஷமானாலும் முன்னால் நிற்கிறவள் அவள்தான்.

"ஒரு ஊர்ல ஒரு வியாபாரி. பொஞ்சாதி நோன்பு கும்பிடுதா. இவனுக்கு அது என்னன்னு கேக்கணும்னு நமச்சல். நெல்லுக் குதிருக்குள்ள எறங்கி ஒளிஞ்சுக்கிட்டு ஒட்டுக் கேட்டுட்டான். பிள்ளையாருக்கு வந்துச்சே கோவம். 'ஏலே, ஒனக்குக் காது பெருசா, எனக்குக் காது பெருசா'ன்னு கேட்டாரு. அன்னையிலேருந்து அவன் என்ன வெளக்கம் சொன்னாலும் கேக்கவன் சிரிச்சான். யாவாரமே படுத்துப்போச்சு."

"ஐயோ பாவம். பொறவு?" இது உமாராணி.

"பொஞ்சாதி பிள்ளையார் காலுல விழுந்தா. அவரு மனசு எறங்கி ஒரு வழி சொன்னாரு. மூணு செவ்வாய், பொஞ்சாதிக்கு முன்னால எந்திக்கணும். வாசல் தெளிச்சுக் கோலம் போடணும். இட்லி அவிக்கணும். தனக்கு மட்டும் உப்பில்லாம திங்கணும். அன்னைக்குப் பூரா 'ஏன்'னு ஒரு வார்த்தை கேக்கப்படாது. எதுக்குச் செய்யுதோம்னும் சொல்லப்படாது. அப்பந்தான் பழி தீரும்."

"தீந்துட்டா?"

"கதைய நாலு பேருக்கு எடுத்துச் சொல்லலாம். சொன்னா புண்ணியம்."

அண்ணாச்சி காதில் மாட்டியதைப் பிடுங்கினார். போனை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது ஒருவர் எலுமிச்சம்பழம் கேட்டு நின்றார். அதை வாசலில் ஏன் கட்டுகிறோம் என்று அண்ணாச்சி தொடங்கினார். அவர் சிரித்தார். தன் கையில் இருந்த போனைப் பார்த்துத்தான் சிரித்தார். அண்ணாச்சிக்கு அது தெரியவில்லை. அடுத்து வந்தவர் விளக்கத்தின் நடுவில் தும்மினார். அதுவும் சிரிப்பை அடக்கிய தும்மலாகவே தோன்றியது. கடையே போய்விடுமோ என்று மனுஷர் நிஜமாகவே பயந்துபோனார்.

அடுத்த செவ்வாய் விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்தார். குனிந்தார். இடுப்பு ஒரு வார்த்தை சொன்னது. அதைக் கேட்காமல் கோலத்தைப் போட்டு முடித்தார்.

எதிர்வீட்டிலிருந்து சண்முகத்தாய் வந்து பார்த்தாள்.

"நண்டா போட்டிருக்கீய?"

"தாமரை."

"நல்லாத்தான் இருக்கு. காலெல்லாம் தெளிவா விழுந்திருக்கு."

உமாராணி எழுந்து வந்து கன்னத்தில் கை வைத்தாள். "என்னங்க இது, கோலமா?"

"ஆமா."

"எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

"இட்லியுமா? சரி, நானும் ஜெஸ்மி அக்காவும் இன்னைக்கு மணப்பாடு போயிட்டு வாரோம். வர ராத்திரி ஆவும்."

'ஏன்' தொண்டை வரைக்கும் வந்தது. அண்ணாச்சி உப்பில்லாத இட்லியால் அதை உள்ளே தள்ளினார்.

மற்ற இரண்டு செவ்வாயும் இப்படியே போயின. பழி தீர்ந்தது. தீர்ந்ததும் பழைய தெம்பு வந்துவிட்டது. இப்போது அவரிடம் தமிழ்நாட்டில் எந்த ஆணிடமும் இல்லாத சரக்கு இருந்தது. அதைச் சொன்னால் புண்ணியம் வேறு. நல்ல வேட்டியாகக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கேமரா முன்னால் உட்கார்ந்தார்.

கொற்கைப் பக்கம் ஒரு பழைய சுவடியில் இந்தக் கதை தனக்குக் கிடைத்ததாகச் சொன்னார். பிறகு காரணங்களை அடுக்கினார். ஆண் குனிந்து கோலம் போட்டால் இடுப்பெலும்பு உறுதிப்படும். விடியற்காலைக் காற்று நுரையீரலுக்கு மருந்து. உப்பில்லாமல் தின்றால் ரத்தக் கொதிப்பு இறங்கும். 'ஏன்' என்று கேட்காமல் இருந்தால் மூச்சு மிச்சமாகும், ஆயுள் கூடும். பேச்சு வேகத்தில், மூன்று செவ்வாய் என்பது குறைந்தபட்சம்தான், வருஷம் பூராவும் செய்தால் உத்தமம் என்று கைச்சரக்காக ஒரு வரியும் சேர்த்துவிட்டார்.

வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு இருந்தபோது வில்பிரட்டின் போன் வந்தது.

"ஏலே, நீ நல்லா இருப்பியாலே? நான் மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு எதுக்குலே கோலம்?"

"உன்ன யாருலே போடச் சொன்னா?"

"ஜெஸ்மிதான். சாமிதான் வேற வேறயாம், இடுப்பெலும்பு எல்லாருக்கும் ஒண்ணுதானாம். நீயே சொல்லிட்டியாம்."

அவன் வைத்த சூடு ஆறுவதற்குள் பானுப்ரியா வந்தாள். வீட்டுக்காரருக்கென்று கோலமாவு கேட்டாள். பெரிய பாக்கெட்.

"பிரமாதம் அண்ணாச்சி. அன்னைக்கு நாங்க உக்காந்து கதை கட்டினப்பகூட இவ்வளவு விவரமா வரல."

"கட்டினப்பவா?"

பானுப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டு, மாவை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறைகூடக் கேட்காமல் போய்விட்டாள்.

அண்ணாச்சி பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். உமாராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அந்தக் கதை..."

"எந்தக் கதைங்க? சுவடியில இருந்துச்சே, அதா?"

"சுவடி இல்ல. சம்படம்."

"அப்படிச் சொல்லுங்க." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தொறக்காதன்னு சொல்லிட்டுப் போனீங்க. நீங்க தெருமுக்கு திரும்புததுக்குள்ள தொறந்துட்டோம். அதுவரைக்கும் பதிஞ்சிருந்தத பானுப்ரியா அழிச்சுப் போட்டா. நோன்பு கும்பிட்ட ரூமுல அந்தப் போன வச்சிருக்கவே இல்ல. நோன்பெல்லாம் முறையா முடிஞ்ச பொறவு சாவகாசமா உக்காந்து, உங்களுக்குன்னு ஒரு கதையச் சொல்லிப் பதிஞ்சு வச்சோம். சார்ஜும் போட்டு."

அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் காரணம் சொன்னவருக்கு அழுகை முட்டியது. பெண்டாட்டி ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை. சேலத்துக்காரிவரை எல்லாருக்கும் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் போனதுதான் வலித்தது.

"நாளைக்கே இன்னொரு வீடியோ போட்டு எல்லாம் பொய்யின்னு சொல்லிருதேன்."

"தாராளமா சொல்லுங்க. பொம்பளைங்க நோன்புக்குள்ள போன ஒளிச்சு வச்சதையும் மறக்காம சொல்லிருங்க."

அண்ணாச்சி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"அதெல்லாம் சரிளா. அந்தக் கதை பொய்தான? பொய்க் கதைக்கு நான் எதுக்கு வருஷம் பூரா கோலம் போடணும்?"

உமாராணி வெங்காயத் தோலை முறத்தில் கூட்டி அள்ளினாள்.

"பொய்யாத்தாங்க இருந்துச்சு. நீங்கதான் இப்ப காரணம் சொல்லிட்டீங்களே."