கொஞ்சதூரக்காரர்

சுமத்ராக் காட்டில் காண்டாமிருகம் அருகிப்போய்விட்டது. புலி இருக்கிறது என்கிறார்கள். கால்தடத்தைக் காட்டுகிறார்களே தவிர ஆளைக் காட்டுவதில்லை. ஆனால் எந்தப் பருவத்திலும், எந்த ஒற்றையடிப் பாதையிலும், தேடாமலேயே கண்ணில் படுகிற ஒரு பிராணி அங்கே உண்டு. இரண்டு கால். முதுகில் மூட்டை. மூச்சு வாங்க ஒரு வேரின்மேல் நீங்கள் சரிந்து உட்கார்ந்த மறுகணம், முகமெல்லாம் சிரிப்பாக உங்கள் முன்னால் வந்து நின்று அது எழுப்புகிற ஓசை ஒன்றே ஒன்றுதான்: "எந்திரிங்க, எந்திரிங்க! இன்னும் கொஞ்ச தூரம்தான்!"

இவர்தான் கொஞ்சதூரக்காரர்.

இவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். பொய்யருக்கு ஏதாவது ஆதாயம் இருக்கும். இவருக்கு என்ன ஆதாயம்? வாடிப்போன முகத்தைப் பார்த்தால் இவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். ஆறுதல் சொல்லாவிட்டால் இவருக்கே காய்ச்சல் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருப்பவரிடம், "நாளைக்கே ஓடுவீங்க பாருங்க" என்பார். கல்யாண வீட்டில் பன்றி இன்னும் கொல்லைப்புறத்தில் உறுமிக்கொண்டிருக்கும். இவர் விருந்தாளிகளிடம், "தட்டு வந்துகிட்டே இருக்கு" என்பார். அளவுகோல், கடிகாரம், நாட்காட்டி எல்லாம் இவரைப் பொறுத்தவரை இரக்கமில்லாதவர்கள் கண்டுபிடித்த சாமான்கள்.

எங்கள் மேடான் நகரத்தில் இந்த இனத்துக்குச் சுத்தமான மாதிரி வேண்டுமென்றால் மங்காரா சித்தோருஸைப் பார்த்தால் போதும். மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். "ஜகார்த்தாவுலேர்ந்து லாரி கிளம்பிடுச்சு" என்பது கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் காலை வணக்கம். அந்த லாரி கிளம்பிய வருஷம் யாருக்கும் நினைவில்லை.

அவருக்கு ஒரு மச்சான். மனைவி தியுரின் அண்ணன், சஹாத் சிஹோம்பிங். பெலாவான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் பத்தாக் மொழியில் 'சஹாத்' என்றால் 'போய்ச் சேர்தல்' என்று அர்த்தம். ஆனால் வேலையிலிருந்து நின்ற நாள் முதலாக மனிதர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. தொலைக்காட்சிக்கு எதிரே உள்ள பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி குழிந்ததே ஒழிய அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்கென்ன இனிமே, முடிஞ்சுபோச்சு" என்று மத்தியானத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்வார். தியுர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, சமையலறையில் எதையும் தொடாமல் அழுதுகொண்டு நின்றாள்.

வாடிய முகம்! மங்காரா சும்மா இருப்பாரா? இளவட்டத்தில் தான் ஒரு தடவை நடந்த லெவுசர் காடு அவர் ஞாபகத்துக்கு வந்தது. மறுநாளே மச்சான் வீட்டில் போய் நின்றார்.

"காட்டுக்குள்ள ஒரு வாரம் நடப்போம் மச்சான். ரத்தம் புதுசா ஊறும்."

"மேடு இருக்கா?"

"மேடா? நம்ம சர்ச் வாசல்ல நாலு படி இருக்கே, அந்த மாதிரி."

"அட்டை?"

"இந்த மாசத்துல அட்டைக்கு அங்க என்ன வேலை?"

"மழை பெய்யுமே?"

"பெய்யும். அந்தப் பக்கத்து மலையில."

பெண் கொடுத்த வீட்டு ஆளைத் தலைக்குமேல் வைத்துத் தாங்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வீட்டு ஆளோ, சொன்னதைச் சொன்னபடி நம்புகிற ஜாதி. நம்பினார். கிளம்பினார். தியுரும், இந்த இரண்டு பேரையும் தனியே அனுப்பினால் எவர் எவரைத் தொலைத்துவிட்டு வருவாரோ என்ற பயத்தில், நெத்திலிக் கருவாட்டுச் சம்பலை ஒரு டப்பா நிறைய அடைத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

வழிகாட்டி அமான் செரி, மலையடிவாரத்துக் காயோ குடியைச் சேர்ந்தவர். மூட்டை தூக்க அவருடைய தம்பி ஒருவர். எவ்வளவு தூரம் என்று கேட்டால் அமான் செரி வாயைத் திறக்க மாட்டார். உதட்டைக் குவித்து முன்பக்கம் நீட்டுவார். அந்த உதடு காட்டும் இடம் அடுத்த மரமாகவும் இருக்கலாம், அடுத்த மாவட்டமாகவும் இருக்கலாம். மங்காராவுக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. இனம் இனத்தை அடையாளம் கண்டுகொள்ளாதா?

முதல் நாள் ஏறத் தொடங்கியவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். சர்ச் வாசல் படி நாலு அல்ல, நாலாயிரம். "கொஞ்ச தூரம்தான்" என்ற வார்த்தையை நம்பி சஹாத் புட்டியிலிருந்த தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தார். அதன்பிறகு மூங்கில் கணுவில் தேங்கியதை உறிஞ்சும் நிலைமை வந்தது. அட்டைகளுக்கு அந்த மாசத்தில் வேறெங்கும் வேலை இல்லை என்பது அன்று மாலை காலுறையைக் கழற்றியபோது தெரிந்தது. அந்தப் பக்கத்து மலையில் பெய்ய வேண்டிய மழை வழி தவறி இந்தப் பக்கம் வந்து, இரண்டு நாள் தங்கியது. ஆற்றைக் கடக்கையில் சஹாத்தின் கைக்கடிகாரம் தண்ணீர் குடித்துச் செத்தது.

மங்காரா மட்டும் வாடவில்லை. முன்னால் போவார், திரும்பி ஓடி வருவார், "பாத்துட்டு வந்துட்டேன், இனிமே எல்லாம் இறக்கம்தான்" என்பார். இறக்கம் இருந்தது, உண்மை. ஒரு பள்ளத்தில் இறங்கி, எதிர்ச்சுவரில் பிரம்பு முள்ளைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்காக. சஹாத் முதல் நாள் "அப்படியா!" என்றார். இரண்டாம் நாள் "அப்படியா?" என்றார். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மரத்து உச்சியில் இருவாட்சி ஒன்று சிறகடித்துப் பறந்தபோது தியுர், "அண்ணே, பாருங்க!" என்றாள். சஹாத் நிமிரவில்லை. வீட்டு நாற்காலியில் இருந்த அதே முகம், இப்போது சேறும் சேர்ந்து.

பயணம் முடியப் போகிற தறுவாயில், ஒரு பிற்பகல், பாசி படிந்த கல்லில் வழுக்கித் தியுருக்குக் கணுக்கால் பிசகியது. அமான் செரி துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு, "நாங்க முன்னால போய்க் குடிசையில அடுப்பு மூட்டி வைக்கிறோம், மூட்டைய இறக்கிட்டு நான் எதுக்க வர்றேன். நீங்க ஆத்தோரமாவே மெதுவாக் கூட்டிட்டு வாங்க" என்று மங்காராவிடம் சொல்லி, தம்பியோடு மறைந்தார்.

தியுர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டினாள். கொஞ்ச நேரத்தில் ஆறு அகன்று, கரையை ஒட்டிக் கூழாங்கல் திட்டு ஒன்று வந்தது. அதுவரை வந்ததே பெரிது என்பதுபோல் சஹாத் திட்டின் நடுவில் பையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார், பிறகு படுத்தேவிட்டார். தியுரும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மங்காரா வழி பார்க்க ஒரு பாறையில் ஏறினார். ஏறியவர் துள்ளிக் குதித்தார். ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம், கரை மேட்டில், மரங்களுக்கு நடுவே குடிசைக் கூரையின் நீலத் தார்ப்பாய்! அதன்மேல் புகை! கூப்பிடு தூரம். ஆற்று இரைச்சல் மட்டும் இல்லையென்றால் அமான் செரி தட்டு அலம்புவதுகூடக் கேட்டிருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய வார்த்தையும் உலகமும் ஒன்றாகப் பொருந்தி நின்றன. மனிதர் பாறையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தார்.

"மச்சான், எந்திரிங்க! இன்னும் கொஞ்ச தூரம்தான்!"

சஹாத் கண்ணைத் திறக்கவில்லை.

"நிஜமா மச்சான்! குடிசையக் கண்ணால பாத்தேன். புகை வருது!"

"நேத்தும் புகை பாத்த. மேகம் அது."

"தியுர், நீயாவது எந்திரி!"

"கால் கொஞ்சம் ஆறட்டுங்க."

அப்போதுதான் மங்காரா தண்ணீரைக் கவனித்தார். வந்தபோது கண்ணாடியாக இருந்த ஆறு டீ நிறமாகியிருந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வந்தன. மேலே எங்கோ மலையில் கொட்டித் தீர்க்கிறது. கூழாங்கல் திட்டின் விளிம்பில் சற்றுமுன் தெரிந்த ஒரு கட்டை இப்போது தெரியவில்லை.

ஓடிவந்து மச்சானைக் குலுக்கினார்.

"மச்சான், தண்ணி ஏறுது. இங்க இருக்கக் கூடாது. கர்த்தர் மேல ஆணையாச் சொல்றேன், ஆறு வரப்போகுது!"

"அட்டை வராதுன்ன. வந்துச்சு. மழை வராதுன்ன. வந்துச்சு. இப்ப ஆறு வரும்ங்குற. அப்ப வராது" என்றார் சஹாத், கண்ணை மூடியபடியே. கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

மங்காரா அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். துறைமுகத்து உடம்பு, அசையவில்லை. இவரைத் தூக்கவா, மனைவியைத் தூக்கவா? மங்காராவின் குரல் உடைந்தது.

"உங்களுக்கு என்ன சொன்னா எந்திரிப்பீங்க? சொல்லுங்க, அதச் சொல்றேன்."

சஹாத் முழங்கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நான் கிரேன்ல உக்காந்திருக்கறப்ப கீழ இருக்கறவன் எட்டு டன்னுன்னு கத்துவான். எட்டுன்னு நம்பித் தூக்குவேன். எட்டுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டக் கட்டுனான்னா கம்பி அறுந்துரும். எனக்கு அறுந்துருச்சு. பன்னெண்டுன்னா பன்னெண்டுன்னு சொல்லு, அதுக்குத் தக்கன மூச்சப் புடிச்சுத் தூக்குறேன். மூணு மணி நேரம்னு சொல்லு, நடக்குறேன். கொஞ்ச தூரம்னு மட்டும் சொல்லாத. அந்த வார்த்தையக் கேட்டாலே முட்டி மடங்குது."

மங்காரா ஆற்றைப் பார்த்தார். நீலத் தார்ப்பாய் இருந்த திசையைப் பார்த்தார். அவருடைய நாக்கு ஒரு நாளும் நடக்காத பாதையில் நடக்கவேண்டியிருந்தது.

"தூரம் மச்சான்."

"ம்?"

"ரொம்ப தூரம். மூணு மணி நேரம் ஆகும். வழியெல்லாம் ஏத்தம். அட்டை... அட்டை இருக்கு. நம்மளால முடியுமான்னே தெரியல."

சஹாத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"பாத்தியா தியுர்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் மனுஷன் உண்மை பேசுறான்!" என்று எழுந்து நின்றார். காலணிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். பையிலிருந்த கடைசிப் பனைவெல்லக் கட்டியைக் கடித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். "மூணு மணி நேரம்தானே? வா!" என்று தங்கையின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறுகை ஏற்கெனவே மங்காராவின் தோளில் இருந்தது. அவள்தான் முதலில் எழுந்து தயாராக நின்றிருந்தாள்.

மூணு மணி நேரத்துக்கான மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய சஹாத், அந்த மூச்சை இன்னும் வெளியே விடாத நிலையில், கரையேறி வளைவைத் தாண்டிக் குடிசைமேல் மோதிக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். எதிர்கொண்டு வரக் கிளம்பிய அமான் செரி வாசலிலேயே நின்றார். அதே நேரம் பின்னால் ஒரு ரயில் வருகிற சத்தம். மூவரும் திரும்பினார்கள். முழு மரம் ஒன்று வேரோடு புரண்டு புரண்டு போனது. கூழாங்கல் திட்டு இருந்த இடத்தில் செம்மண் குழம்பு மட்டும் ஓடியது.

சஹாத் தொப்பியைக் கழற்றினார். பிறகு அமான் செரியிடம் திரும்பினார்.

"ஏம்பா, மூணு மணி நேர வழியாமே இது? அவ்வளவு சீக்கிரமாவா வந்துட்டோம்?"

அமான் செரி மங்காராவைப் பார்த்தார். களைத்து நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். இனம் சும்மா விடுமா?

"மூணா? எங்க ஆளுங்களுக்கே மூணுக்கு மேல ஆகும். நீங்க காத்து மாதிரி வந்திருக்கீங்க!"

சஹாத் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார், புதிதாக வாங்கிய சாமானைப் பார்ப்பது போல. "இந்த முட்டியா?" என்றார். சூடான சோறும் சம்பலும் அன்று அவர் தின்ற அளவைப் பார்த்து அமான் செரியின் தம்பி மறுபடி உலை வைத்தார். மரத்தில் சியாமாங் குரங்குகள் கூவியபோது சஹாத் பதிலுக்குக் கூவினார்.

குடிசை ஓரத்தில் மனைவியின் கணுக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி மங்காரா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "இப்படி ஒரு பொய் சொல்லிட்டனே, தியுர்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க மூணு மணி நேரம்னு சொன்னப்பவே தெரியும், குடிசை பக்கத்துலதான்னு. இத்தன வருஷமா உங்க பொய்யிலதான குடித்தனம் நடத்துறேன். அண்ணனக் கெஞ்சுனப்ப உங்களுக்குக் குரல் உடைஞ்சுது. கொஞ்ச தூரம்னது நிஜமோன்னு அப்பவே சந்தேகமா இருந்துச்சு" என்றாள். பிறகு, "அழுத்தித் தேய்க்காதீங்க, வலிக்குது" என்றாள்.

மேடான் திரும்பியபின் அந்தப் பிரம்பு நாற்காலியைச் சஹாத் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். விருந்துகளிலெல்லாம், "எங்க மச்சான் ஒருத்தன்தான் முகத்துக்கு நேரா உண்மையச் சொல்ற ஆளு" என்று மங்காராவைக் காட்டிச் சொல்கிறார். மங்காரா மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் சஹாத் கடைக்கே வந்துவிட்டார்: சுமத்ராவிலேயே உயரமான கெரிஞ்சி மலைக்குப் போக வேண்டுமாம். "உண்மையச் சொல்லு மச்சான், எவ்வளவு தூரம்?" மங்காரா பதறிப்போய், "ஐயோ, ரொம்ப தூரம், ரொம்பக் கஷ்டம், உங்களால முடியாது!" என்றார். சஹாத் அன்றே புதுக் காலணி வாங்கிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நம்மிடையே இப்படி யாரும் இல்லை என்ற தைரியம். அது போகட்டும், நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்களே, எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்தாமல் என்ன பதில் சொன்னீர்கள்?

போங்கள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.