காற்று அண்ணையின் பூட்ஸ் உலர்த்தி

கனடாக் குளிருக்குப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். பழகியவர்களையும் தெரியும். அந்தக் குளிருக்கே யோசனை சொல்லித் திருத்தப் பார்த்தவர் காற்று அண்ணை ஒருவர்தான்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்கள் பங்குச் சுவாமியாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில், காற்றோட்டக் குழாய்களும் விசிறிகளும் அடுக்கி வைக்கும் களஞ்சியம் ஒன்றில் அவருக்கு வேலை. நெளிந்தது, கீறல் விழுந்தது என்று அங்கே கழிப்பதையெல்லாம் முதலாளியிடம் கேட்டு வாங்கிவிடுவார். இன்னொரு புறநகரான ரொக்ஸ்பரோவில் அவர் தனியாக இருந்த நிலக்கீழ் வீட்டில் புகை போக ஒரு குழாய், குளியலறை ஈரம் போக ஒரு குழாய், வெங்காயம் வெட்டினால் கண் எரியாமல் இருக்க மூன்றாவதாக ஒரு குழாய் என்று கேள்வி.

"அந்த மூண்டாவது குழாய் எங்கை அண்ணை போகுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெளியிலைதான் போகவேணும் பிள்ளை. இன்னும் போய்ச் சேரேல்லை."

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் அப்போது இயந்திரத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ப் பங்கின் கரோல் குழுவில் பாடுவதும், வீடுகளின் பட்டியலைத் தயாரிப்பதும் என் பொறுப்பு. காற்று அண்ணை டோல்கி மேளம் அடிப்பார். பங்கின் பெரிய வான் வண்டியை ஓட்டுவதும் அவர்தான்.

கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்கு முந்திய ஞாயிறு வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் பூட்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றிய பன்னிரண்டு சோடியும் அவரவர் கொண்டுவந்த பனியை உருக்கி ஒரு குளமாக்கிவிடும். பாடிவிட்டு வந்து அதே குளத்தில் கால் வைத்து, அதே ஈரப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அடுத்த வீடு. ஐந்தாவது வீட்டில் 'அமைதி' என்று பாடும்போது பற்கள் அடித்துக்கொள்ளும். ஏழாவது வீட்டோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

எட்டாவது வீடு காற்று அண்ணையுடையது. நகரத்திலிருந்து புறப்பட்டால் ரொக்ஸ்பரோதான் கடைசி. "அடுத்த வருசம் கட்டாயம் வாறம் அண்ணை" என்று மூன்று வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மொன்றியலிலை எல்லா வீட்டிலையும் யேசு பிறக்கிறார். என்ரை வீட்டுக்கு வர மட்டும் அவருக்கும் குளிருது" என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடும்.

"உங்கடை வீட்டை முதலாவதாப் போடட்டோ அண்ணை?"

"கேட்டு வாங்கினால் அது கரோலோ பிள்ளை? அது டெலிவரி."

அந்த ஒக்டோபர் ஒத்திகையில் பாடகர் குழுத் தலைவர் மாஸ்ரர் ஓர் அறிவித்தல் விட்டார். "போன வருசம் மூண்டு பேருக்குக் குரல் போச்சுது. இனி வீடு வழிய போறேல்லை. பங்கு ஹோலிலை பாடுவம்."

காற்று அண்ணை டோல்கியைக் கீழே வைத்தார். "மாஸ்ரர், பிரச்சினை சளியோ, ஈரமோ?"

"ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப ஈரத்தை நான் பாக்கிறன். சளியை நீங்கள் பாருங்கோ."

அவர் பார்த்ததன் விளைவு, சில்லுப் பூட்டிய ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு பழைய விசிறி. மேலே இருபத்து நான்கு பிளாஸ்டிக் குழாய்கள், கூட்டமாகக் கையுயர்த்தி நின்றன. ஒவ்வொரு கைக்கும் ஒரு பூட்ஸைத் தலைகீழாகக் கொழுவ வேண்டும். காற்றைச் சூடாக்க, உள்ளே மூன்று ஹெயார் டிரையர்கள்.

நான் மூன்று விடயங்கள் சொன்னேன். ஒன்று, பூட்ஸ் காய்வதற்குச் சூடு அவசியமில்லை, ஓடுகிற காற்றே போதும். இரண்டு, சூடு கூடினால் பூட்ஸின் பசை விட்டுவிடும். மூன்று, மூன்று டிரையரையும் ஒரே பிளக்கில் போட்டால் பியூஸ் போகும்.

"எல்லாம் சரி பிள்ளை. ஆனால் சூடில்லாத காத்தை எங்கடை சனம் நம்பாது. அதுதான் வெளியிலை சும்மா கிடைக்குதே!"

பியூஸுக்கு மட்டும் பயந்து ஒரு டிரையரைக் கழற்றினார். பிறகு மனம் கேட்காமல், மூன்றையும் குறைந்த சூட்டில் வைத்துத் திரும்பவும் பூட்டிவிட்டார்.

வெள்ளோட்டம் பங்கு மண்டபத்தில் நடந்தது. ஆளியைப் போட்டதும் பெட்டி உறுமியது. பெரியவர்களின் பூட்ஸ்கள் ஆடின. சின்னப் பிள்ளை ஒன்றின் சிவப்புப் பூட்ஸ் குழாயைவிட்டு எழும்பி, மண்டபத்தைக் கடந்து, நத்தாருக்குக் கட்டிய யேசு பாலன் குடிலுக்குள் விழுந்தது. மாஸ்ரர் போய் அதை மாட்டுக்கும் இடையனுக்கும் நடுவிலிருந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார்.

"பாலனுக்கு இந்தச் சைஸ் பெரிசு" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "சரி, போவம். ஆனால் இதுவும் பிழைச்சால் இனி ஹோல்தான்."

இயந்திரம் பிழைக்கவில்லை, நன்றாகவே ஓடியது. அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

பூட்ஸ் காய இருபது நிமிடம் வேண்டும். விருந்தாளியை இருபது நிமிடம் சும்மா இருத்தி வைக்க எங்கள் ஆட்களால் முடியாது. முதல் வீட்டில் இறைச்சி ரோல்ஸ் வந்தது. ரோல்ஸ் முடிவதற்குள் வீட்டுக்காரர், "அண்ணை, இதையும் ஒருக்காக் கொழுவி விடுங்கோ" என்று குடும்பத்தின் பூட்ஸ் அத்தனையையும் கொண்டுவந்தார். அவை காயும்வரை கேக். இரண்டாவது வீட்டில் மேல்மாடிக்காரரும் தன் பூட்ஸோடு இறங்கி வந்தார். மூன்றாவது வீட்டில் இடியப்பமே அவித்துவிட்டார்கள். வெளியே வந்தபோது பொழுது பட்டிருந்தது. எங்கள் கால்கள் மட்டும் அடுப்படிப் பூனைபோல வெதுவெதுப்பாக இருந்தன.

நாலு, ஐந்து, ஆறாம் வீடுகளுக்கு நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "ஏழாம் வீட்டு றீற்றா சமைச்சுப்போட்டுக் காத்திருக்கிறா. அவவின்ரை வீட்டோடை முடிப்பம்" என்றார் மாஸ்ரர். காற்று அண்ணை கண்ணாடியைத் துடைத்துவிட்டு வானை எடுத்தார்.

றீற்றா அன்ரி அந்த வருடம்தான் ரொக்ஸ்பரோவுக்குக் குடிவந்தவர். பழைய வீடு. நாங்கள் இரண்டாம் பாட்டில் இருந்தபோது அவர் பற்றீஸைச் சூடாக்க மின்னடுப்பொன்றை முன்னறைப் பிளக்கில் செருகினார். எங்கள் பெட்டியும் அதில்தான் இருந்தது. விளக்கு, நத்தார் மரம், விசிறி எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. மாற்றுவதற்கு வேறு பியூஸும் இல்லை. பன்னிரண்டு சோடியும் பாதி ஈரம்.

"என்ரை வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். அங்கை காயவிட்டுப் பத்து நிமிசத்திலை கொண்டு வாறன்" என்று காற்று அண்ணை இருட்டுக்குள் சொன்னது கேட்டது. நாங்கள் மெழுகுதிரி ஏற்றியபோது அவரும் இல்லை, பெட்டியும் இல்லை, பூட்ஸும் இல்லை, வாசலில் வானும் இல்லை.

பற்றீஸ் முடிந்தது. தேநீர் முடிந்தது. மாஸ்ரர் காற்று அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வான் ஸ்டார்ட் வருதில்லை மாஸ்ரர். குளிராக்கும்."

"என்ன கதை இது? பூட்ஸ் அங்கை, நாங்கள் இங்கை!"

"பூட்ஸ் நல்லாக் காஞ்சிட்டுது. நல்ல சூடு."

வேறு வழியில்லை. அன்ரி வீட்டில் இருந்த செருப்புகளைப் பங்கிட்டுக்கொண்டோம். செருப்புக் கிடைக்காத நாங்கள் காலுறைக்கு மேல் கடைப் பைகளைக் கட்டினோம். மாஸ்ரருக்கு அன்ரியின் ரோசாநிறப் பஞ்சுச் செருப்பு வாய்த்தது. வழியில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் முகங்களைப் பார்த்து "போன்ஜூர்" என்றார். பிறகு கால்களைப் பார்த்தார். பிறகு மும்முரமாகப் பனி தள்ளினார்.

காற்று அண்ணையின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவரோரமாக எங்கள் பூட்ஸ்கள் சோடி சோடியாக நின்றன. பன்னிரண்டு கதிரைகள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒரு பெரிய பானையில் ஆட்டிறைச்சிக் கறி. மூலையில் குடில். அவர் சொன்ன மூன்றாவது குழாய் உண்மையாகவே சுவர்வரை போய் நின்றிருந்தது.

"ஏதோ வந்துட்டியள். ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போங்கோவன்" என்றார்.

ஐந்து பாட்டுப் பாடினோம். டோல்கி அவர் மடியில்தான் இருந்தது. அடிக்க மறந்துவிட்டார்.

புறப்படும்போது வான் முதல் திருப்பிலேயே இயங்கியது. மாஸ்ரர் என் பக்கம் குனிந்தார். "நீர் இதுதானே படிக்கிறீர். குளிருக்கு நிண்ட வான், இன்னும் குளிரினாப் பிறகு இப்பிடி வருமோ?"

"சில நேரம் வரும் மாஸ்ரர்" என்றேன். எந்தப் பாடப் புத்தகமும் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வருடப் பட்டியலில் யாரையும் கேட்காமல் காற்று அண்ணையின் வீட்டை முதலாவதாகப் போட்டேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அன்று வாசலில் எங்கள் பூட்ஸைக் குனிந்து தொட்டுப் பார்த்தவருக்கு முகம் வாடிவிட்டது.

"முதல் வீட்டிலை பூட்ஸ் ஈரமாயிருக்காதே, பிள்ளை. மெஷினுக்கு என்ன வேலை?"

மாஸ்ரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். படியேறி, அந்த வீட்டு முற்றத்துப் பனியில் முழங்கால்வரை புதைய நடக்கத் தொடங்கினார். நாங்களும் பின்னால் போனோம். இரண்டு சுற்று நடந்து, பூட்ஸை உள்ளுறைவரை நனைத்துக்கொண்டு, பிறகுதான் காற்று அண்ணையின் வீட்டுக்குள் போனோம்.