மாப்பிள்ளைக்குக் கூடாரம் வாங்கிய வகையில் ஒரு விளக்கம்

புதுக்கோட்டை,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆண்டிச்சாமி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த வகையில் தங்களுக்கு என்றும் கடமைப்பட்ட குணசேகரன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும், சம்பந்தியம்மா செங்கமலம் அவர்களும், மாப்பிள்ளை ரகுநாத்தும், என் மகள் சுடர்விழியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்று கோயிலில் அர்ச்சனை செய்தேன். தங்கள் பெயருக்குத் தனியாக இன்னொன்று செய்தேன். நான் நலம். என் மனைவி அமுதவல்லி நலமா என்று எனக்குத் தெரியாது. அறந்தாங்கியில் தங்கள் வீட்டு வாசலிலிருந்து திரும்பிய நாள் முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. தாங்களும் போனை எடுப்பதில்லை. ஆகவே தபாலை நம்பி எழுதுகிறேன். தலைத்தீபாவளிக்கு அழைக்க வந்த அன்று நடந்தது வேண்டுமென்று செய்ததல்ல. அந்தக் கோபத்தில் பிள்ளைகளைத் தீபாவளிக்கு அனுப்பாமல் இருந்துவிடுவீர்களோ, சுடர்விழியை ஏதாவது சொல்லிவிடுவீர்களோ என்று எனக்கு இங்கே தூக்கம் இல்லை. நடந்தது முழுவதையும் படித்துவிட்டுத் தாங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

இதற்கு ஆரம்பம் தங்கள் மகன்தான். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். ஆவணியில் விருந்துக்கு வந்திருந்தபோது, தலைத்தீபாவளி மோதிரத்துக்கு அளவெடுக்க அமுதவல்லி நூலோடு அவர் விரலைப் பிடித்தாள். அவர் விரலை உருவிக்கொண்டு, "மோதிரம்லாம் வேணாங்க அத்தை. எனக்கும் சுடருக்கும் மலையேறப் போறதுக்குச் சாமான் வாங்கிக் குடுங்க. ஒரு டென்ட்டு, படுக்கிற பை, லைட்டு, மழைக்கோட்டு, சின்னதா ஒரு அடுப்பு. அது போதும்," என்றார். எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தங்கம் விற்கிற விலையில் ஒரு மாப்பிள்ளை தானே வாயைத் திறந்து மோதிரம் வேண்டாம் என்கிறார். துணியும் கயிறும் அடுப்பும் என்ன பெரிதாக ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். நாம் கட்டிய வீட்டை விட்டுவிட்டுக் காட்டில் போய்ப் படுப்பதற்கு எதற்கு இத்தனை சாமான் என்றும் நினைத்தேன், கேட்கவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்காமல் அங்கே ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. மூன்றில் எது குறைவோ அதுதான். பொருளை யாரும் பார்ப்பதில்லை. பெண் பார்க்கப் போனபோதும் மூன்று வீடு ஏறி இறங்கினேன் என்று அமுதவல்லி இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அந்தப் பழக்கத்தில் முதல் விலைப்புள்ளிக்காகக் கைப்பேசியில் டென்ட் என்று ஒரே ஒரு தடவை தட்டினேன். அதன் பிறகு ராசிபலன் பார்த்தாலும் கூடாரம், மழைச் செய்தி பார்த்தாலும் கூடாரம். அமுதவல்லி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, காசிக்குக் கீசிக்குக் கெளம்புறீங்களா? போறதா இருந்தா பென்சனுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போங்க," என்றாள். கைப்பேசியில் அந்தக் கூடாரத்துக்குப் போட்டிருந்த விலைக்கு எங்கள் மாடியில் ஓர் அறையே எழுப்பிவிடலாம். வாங்கிய ஒருவர், அருமையான கூடாரம், மழை பெய்தால் மட்டும் ஒழுகுகிறது என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். இப்படிப்பட்டவர்களை நம்பி நான் எப்படி வாங்குவது?

இரண்டாவது விலைப்புள்ளிக்குத் திருச்சிக்குப் போனேன். மலையேறுகிறவர்களுக்கென்றே ஒரு பெரிய கடை. உள்ளே வந்திருந்தவர்கள் எல்லாரும் லிப்டில் ஏறி வந்தவர்கள். நனையாத சட்டை, நாறாத சாக்ஸ், ஒரு முனையில் கரண்டியும் மறுமுனையில் முள்ளுமாக ஒரு சாமான், ஜோடியாக விற்கும் ஊன்றுகோல் எல்லாம் இருந்தன. நம் பக்கத்துக் கருவேலங்காட்டில் சும்மா கிடக்கிற குச்சிக்கு அங்கே ரசீது போடுகிறார்கள். பிளெஸ்ஸி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "எத்தனை டிகிரி குளிருக்கு சார் பாக்குறீங்க?" என்றார். எங்கள் புதுக்கோட்டைக் குளிருக்கு என்றேன். "அங்க குளிருமா சார்?" என்றார். "மார்கழியில கொஞ்சம் இருக்கும்மா," என்றேன். எத்தனை பேர் படுக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமான பிள்ளைகள், நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று மூன்று பேர் என்றேன். விலையும் மூன்று பேருக்கானதாக ஆகிவிட்டது. உள்ளே படுத்துப் பார்க்கச் சொன்னார். ஏசி வேறு, அடியில் மெத்தை வேறு, தூங்கிவிட்டேன். எழுப்பி, பில் போடலாமா என்று கேட்டபோது, விலையை மட்டும் ஒரு தாளில் கடை முத்திரையோடு எழுதித் தரச் சொன்னேன். அவர் மேலாளரைக் கூப்பிடப் போனார், நான் படிவழியாக இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து, சில்லறைச் சாமான்களுக்குக் கோட்டைப்பட்டினம் போவது என்று முடிவு செய்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை, என் சொந்த யோசனை. அங்கே விசைப்படகுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கயிறு, நெற்றியில் கட்டும் விளக்கு, மழைக்கோட்டு, முதுகுப்பை, கைக்கு அடக்கமான அடுப்பு எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. கடலில் தாங்குவது மலையில் தாங்காதா? கடைக்கார பாய், "எந்த போட்டுக்குங்க?" என்று கேட்டார். போட்டுக்கு இல்லை, மாப்பிள்ளை மலைக்குப் போகிறார், அவருக்குத் தலைத்தீபாவளிச் சீர் என்றேன். அவர் கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார். எல்லாம் உறுதியான சாமான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்துக் கிடங்கில் கருவாடு போட்டிருக்கிறார்கள் என்பதை வீட்டுக்கு வந்து பையைப் பிரித்த பிறகுதான் அறிந்தேன். சீயக்காய் போட்டு அலசினோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம், கடைசியில் சாம்பிராணிப் புகையும் காட்டினோம். கோயிலுக்குள் கருவாடு கொண்டுபோன மாதிரி ஒரு வாடை வந்தது. எங்கள் சுற்றுச்சுவரில் தெருப் பூனைகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. படுக்கிற பைக்கு மட்டும் வீட்டிலிருந்த இரண்டு ஜமுக்காளத்தை டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டேன்.

மூன்றாவது விலைப்புள்ளிதான் என்னைக் கவிழ்த்தது. எங்கள் பகுதியில் நல்லது கெட்டது எதுவானாலும் பந்தல் வேலை மதுரைவீரன் என்பவருக்குத்தான். கைப்பேசியில் கூடாரத்தின் படத்தைக் காட்டினேன். "இம்புட்டுத்தானா? மூங்கிப் பிளாச்ச வளைச்சுக் கட்டி மேல துணியப் போட்டா முடிஞ்சிச்சு. சீர்னு சொல்றீங்க, பார்வையா இருக்க வேணாமா? நான் பாத்துக்கிறேன்," என்றார். மூன்றில் இதுதான் குறைவு. விதிப்படி அவருக்கே கொடுத்துவிட்டேன். வேலை முடிந்து போய்ப் பார்த்தால், சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று துணி, சுற்றிலும் குஞ்சம், மேலே வளைவாகக் கூரை, தூக்கிப்போக வசதியாக அடியில் நீளமாக இரண்டு மூங்கில். இதை எப்படி மடிப்பது என்று கேட்டேன். மதுரைவீரனுக்கு முகம் மாறிவிட்டது. "மடிக்கிறதா? நான் கட்டுனது புயலுக்கே அசையாதுங்க. மடிஞ்சிச்சுன்னா எனக்குல்ல கேவலம்," என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

மடியாத கூடாரத்தை ஒரு குட்டியானை வண்டியின் மேல் நிறுத்திக் கட்டி, நாங்கள் பின்னால் வேனில் வந்தோம். அறந்தாங்கி ரோடு முழுக்க வண்டிகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டன. ஒரு பஸ் டிரைவர் ஹாரன்கூட அடிக்காமல் பின்னாலேயே வந்தார். இந்தக் காலத்திலும் சீர் வண்டிக்கு இத்தனை மரியாதை இருக்கிறதே என்று நான் நெகிழ்ந்துபோனேன். தங்கள் தெருமுனையில் இறங்கி, முறைப்படி தவிலும் நாயனமும் முன்னால் போக, பெண்கள் தட்டுகளைத் தூக்க, பங்காளிகள் நால்வர் கூடாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அடுப்பு மட்டும் மிஞ்சியது. தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், அடுப்புக்கு ஒன்று வைத்தால் இரட்டையாகிவிடும் என்று அமுதவல்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி என்று கோட்டைப்பட்டினத்துக் கயிற்றில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, கையில் பிடித்தபடி கூடாரத்துக்கு முன்னால் நடந்தேன். வழியில் மழையில் இறங்கிக் கூடாரக் கட்டை இறுக்கியதில் சட்டை நனைந்துவிட்டதால் வெறும் வேட்டியும் துண்டும்தான்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று, "சுடர்விழியோட அப்பா, ஆண்டிச்சாமி சம்பந்தி," என்றேன். "அடப்பாவமே, நல்ல மனுசனாச்சே," என்றார். பக்கத்தில் நின்றவர், "மேளத்தைப் பாத்தா கல்யாணச்சாவு போல. வயசாளியாத்தான் இருக்கும்," என்றார். சம்பந்தி அவர்களே, அந்த இடத்தில்தான் எனக்குத் தலையில் இடி இறங்கியது. நம் பக்கத்தில் வயதானவர் செத்தால் பூப்பாடை கட்டுகிறவரும் இதே மதுரைவீரன்தான். அந்தக் கைக்கு எது பழக்கமோ அதைத்தான் அது கட்டியிருக்கிறது. கொள்ளிச்சட்டி மாதிரி அடுப்பை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். பாதியில் சீரைத் திருப்பினால் அது அதைவிட அபசகுனம். வேறு வழியில்லாமல் நடந்தேன்.

அப்புறம் நடந்தது தாங்கள் அறிந்ததே. தாங்கள் வாசலுக்கு வந்தீர்கள். கூடாரத்தைப் பார்த்தீர்கள், என் கையைப் பார்த்தீர்கள், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள். கதவோரம் நின்ற என் மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அதைப் பார்க்கத் தெம்பு இல்லை. தட்டுகளையும் கூடாரத்தையும் வாசலில் வைத்துவிட்டு, சம்பந்தியம்மா நீட்டிய காபியைக்கூட வாங்காமல் ஓடிவந்துவிட்டோம். சுடர்விழி அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று விடைபெறும்போதுகூட அவள் அழவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. மலிவுக்கு ஆசைப்பட்டது நான். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளை ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கூடாரத்தை உடனே ஆள் அனுப்பிப் பிரித்தெடுத்துக்கொள்கிறேன். கோயிலில் தங்கள் குடும்பத்துக்கு ஒரு சாந்தியும் செய்கிறேன். மாப்பிள்ளைக்கு மோதிரம், கல் வைத்தது, எந்தக் கடை என்று தாங்களே சொல்லுங்கள். விலை கேட்காமல் வாங்குகிறேன். பிள்ளைகளை மட்டும் தீபாவளிக்கு அனுப்பிவையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் வீட்டு வாசலில் இனி என்றும் நல்ல மேளம் மட்டுமே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
குணசேகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். தாங்கள் உள்ளே போனது கோபத்தில் இல்லையாம். வந்தவர்கள் முன்னால் சிரித்துவிடக் கூடாதே என்று போனீர்களாம். கட்டிலில் விழுந்து சிரித்ததில் விலா பிடித்துக்கொண்டு, தைலம் தேய்த்துவிட்டார்களாம். போனில் என் பெயர் வந்தாலே மறுபடி பிடித்துக்கொள்கிறது என்றுதான் எடுப்பதில்லையாம். கூடாரம் மொட்டைமாடியில் நிற்கிறதாம், மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லையாம், மத்தியானத் தூக்கம் தாங்கள் அதற்குள்தானாம். பின்னால் இரண்டு பெண்கள் மூச்சு முட்டச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று சம்பந்தியம்மா. இன்னொன்று என் மகள். அன்று குலுங்கினாளே, அதுவும் இதேதானாம். அவள் மாமியாரோடு சேர்ந்து அப்படிச் சிரிப்பதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை அமுதவல்லியிடம் கொடுத்தேன். அவளும் சிரித்துவிட்டு என்னோடு பேசிவிட்டாள். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. எனவே மேலே மன்னிப்பு, சாந்தி, மோதிரம் என்று வரும் இடங்களைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். சொல்லப்போனால், இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்ததற்குத் தாங்கள்தான் எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். தபாலில் வேண்டாம், பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள்.