மூன்று விலைமனுவும் ஒரு லெப்டொப்பும்

அரசாங்க உத்தியோகம் கிடைத்த புதிதில் எந்த இளைஞனையும் வீட்டுக் காரியங்களில் நம்பக்கூடாது. அந்த இளைஞனாக இருந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

மாத்தளையில் ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மூன்று நாள் பயிற்சியும் முடித்திருந்தேன் (மதியச் சாப்பாடு உட்பட). அந்த நேரம் பார்த்து என் தங்கை தர்ஷினி பொறியியல் பீடத்துக்குத் தெரிவானாள். இரத்தோட்டையில் எங்கள் வீதிக்கே பெருமை. அவளுக்கு நம்பிக்கையான ஒரு லெப்டொப் வேண்டும்.

"ரெண்டு பேருமா கடைக்குப் போய் எடுத்துட்டு வாங்களேன்" என்றார் அம்மா.

அம்மாவின் அறியாமையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்படியெல்லாம் எடுக்க ஏலாதும்மா. மூணு விலைமனு கூப்பிடணும். மதிப்பீட்டுக் குழு போடணும்."

குழுவும் போட்டேன். தலைவர் நான். உறுப்பினர் அப்பா. (தபாலகத்தில் ஓய்வுபெற்றவர். கணினியைத் தொட்டதே இல்லை, ஆகவே பக்கச்சார்பு அறவே இல்லாதவர்.)

"நான்தானே அண்ணே பாவிக்கப் போறேன், என்னையும் போடுங்க" என்றாள் தர்ஷினி.

"பாவிக்கிறவங்க குழுவில இருந்தா நடுநிலைமை கெட்டுப்போயிரும்."

அவள் தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தாள். அதை மிகுந்த மரியாதையோடு கோப்பில் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒன்றைப் படிக்காமல் இருப்பதற்கு அதுதான் முறையான வழி.

விலைமனு கோரி எழுத ஒரு மாதிரி தேவைப்பட்டது. அலுவலகத்துக்குக் கடைசியாக வாங்கியது இரும்பு அலுமாரி. அந்தப் படிவத்தை எடுத்து, "அலுமாரி" என்று இருந்த இடத்திலெல்லாம் "மடிக்கணினி" என்று மாற்றினேன். எடையை மட்டும் தங்கை மேல் இரக்கப்பட்டு, நாலு கிலோவுக்குக் குறையாமல் என்று திருத்தினேன்.

மூன்று கடைகளுக்குக் கொடுத்தேன். முதல் கடை நானா (முஸ்லிம் கடைக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) படித்துவிட்டு, "தம்பி, வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். இரண்டாவது கடையில் பிளேன்டீ தந்து அனுப்பினார்கள். மூன்றாவது கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வரி வரியாகப் படித்து, "எல்லாம் இருக்கு சேர்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 'சேர்' என்றதில் மயங்கிவிட்டேன்.

இதற்குள் வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஓடிவிட்டது. தர்ஷினி பக்கத்துப் பிள்ளையின் திரையை எட்டிப் பார்த்தே படித்தாள். முதலாவது வடிவமைப்பை வகுப்பில் காட்ட வேண்டிய நாளுக்கு முதல்நாள்தான் லெப்டொப் வந்தது. சாம்பல் நிறம். அவளுக்குப் பாரம் தாங்காது என்று மறுநாள் நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அவளோடு வகுப்புக்குப் போனேன். பெருமை வேறு தாங்கவில்லை.

அவள் இரவல் கணினிகளில் வரைந்து சேமித்த பாலத்தைத் திறந்தாள். உள்ளே மிளகாய் மில் ஓடுவதுபோல ஒரு சத்தம். பாலத்தின் ஒரு கால் வந்தது. நாங்கள் காத்திருந்தோம். மற்றக் கால் வருவதற்குள் திரை இருண்டுவிட்டது.

விரிவுரையாளர் சிங்களத்தில் கேட்டார், "யார் இதைத் தெரிவுசெய்தது?"

தங்கை என்னைக் காட்டினாள். நான் விடுவேனா? கோப்பை எடுத்து நீட்டினேன், அலுமாரியை நான் மடிக்கணினியாக்கிய அதே மும்மொழிப் படிவம். அவர் சத்தமாகவே வாசித்தார். "இரண்டு சாவிகள். உள்ளே நான்கு தட்டுகள். துருப்பிடித்தலுக்கு எதிராக ஐந்து வருட உத்தரவாதம்."

வகுப்பே குலுங்கியது. அடுத்த பக்கத்தில் தங்கையின் தாள் இருந்தது. அதைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இது சரியாக இருக்கிறதே. இதை எழுதியது யார்?"

அவள் அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். அன்றைய புள்ளிகள் போயின. வெளியே வந்ததும் அழுதாள்.

"மார்க்ஸ் போனா போகுதுண்ணே. ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டிருக்கலாம்தானே?"

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவளும் அவள் தோழியும் முதல் கடை நானாவிடம் போய் அரை மணித்தியாலத்தில் ஒன்றை வாங்கிவந்தார்கள். நான் வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

சில வருடம் கழித்து, உக்குவளையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெரியவர்கள் எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் தர்ஷினி எழுந்தாள். பெண்ணைத் தனியாகக் கூட்டிப்போய், "உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் கேட்கவில்லையாம். உங்க அண்ணன் எப்படி என்று அந்தப் பெண் விசாரிக்க, இவள் சொன்ன பதில்: "நல்ல பாரமான ஆளு. அஞ்சு வருஷத்துக்குத் துருப்பிடிக்காது. மத்த எதுக்கும் நான் பொறுப்பில்ல."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். வருகிற மாதம் ஐந்தாவது கல்யாண நாள். உத்தரவாதம் முடியப்போகிறது, யோசித்துப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.