மரத்தைத் தவிர எல்லாரும் சுகம்

சேலையூர், தாம்பரம் கிழக்கு
9-12-2006

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, ரத்தினபாய் அக்காவுக்குத் தம்பி தனசிங் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் தபீதாளும் சுகம். அங்கே மார்த்தாண்டத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். மரத்தைத் தவிர எல்லாரும் சுகம். இந்த வரியைப் படித்தவுடன் போனை எடுக்காதே அக்கா. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், பாதியில் நான் வைத்துவிடுவேன், மிச்சத்தைத் தபீதாள் அவள் இஷ்டத்துக்குச் சொல்லுவாள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. நீ கிறிஸ்துமஸுக்கு வருவதற்குள் உன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாய், அடித்தாயிற்று. நீ சொன்ன அதே ரோஸ். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, போகிற வருகிறவர்கள் கல்யாண மண்டபமா என்று கேட்கிறார்கள், ஆனால் வீடு உன் வீடு, நான் அதற்குக் காவல்காரன், வாயைத் திறக்கவில்லை. பெயிண்டர் துலுக்காணம் பம்மல்காரன், தங்கமான வேலைக்காரன். "போர்ட்டிகோ மொசைக்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று நீ போனில் அவனை மிரட்டினாயே, மனுஷன் அன்றைக்கு முழுக்க டீ குடிக்கவில்லை. ஒரு சொட்டு விழவில்லை அக்கா! நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முட்டி போட்டுத் தேடினேன். நவம்பர் கடைசியில் வேலை முடிந்தது, ஏணியை அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் உன் கவர் வந்தது. உள்ளே, ஏதோ விவசாயப் பத்திரிகையிலிருந்து நீ கத்தரித்து அனுப்பிய துண்டு. முந்திரி மரத்துக் கிளைகளில் பூஞ்சணத்தால் ஒரு நோய் வருமாம், மழைக்காலத்தில் பரவுமாம், பட்டையின் மேல் ரோஸ் நிறத்தில் படை படியுமாம், யாரோ சாயம் தடவியது போலிருக்குமாம், கண்டவுடன் அந்தக் கிளையை வெட்டி எரிக்க வேண்டுமாம், தயங்கினால் மரமே போய்விடுமாம். ஓரத்தில் உன் கையெழுத்து: "தனசிங், நம்ம மரத்தப் பாரு. இரக்கம் காட்டாத." சரி, பார்ப்போமே என்று பேப்பரும் கையுமாக மாடிக்குப் போய், போர்ட்டிகோவை ஒட்டி நிற்கும் நம் முந்திரியை எட்டிப் பார்த்தேன். பகீரென்றது அக்கா! கிளை கிளையாக ரோஸ். தடவித் தடவி ரோஸ். நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக வருகிறது. எழுதினவன் நம் மொட்டைமாடியில் நின்றுகொண்டுதான் எழுதினானோ என்று தோன்றியது. ஏசுபாதம் அத்தான் ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகியும், அதன் பருப்பு இல்லாமல் நீ கிறிஸ்துமஸ் கேக் போட்டதில்லை. என் காவலில் இருக்கும்போதா இதற்கு நோய் வரவேண்டும் என்று நினைத்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அடுத்த வீட்டு தட்சிணாமூர்த்தி சார் விவசாயத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றாள் தபீதாள். அவரோ சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். தயங்கினால் மரமே போய்விடும் என்று அச்சில் போட்டிருக்கிறான், ஒரு வாரம் காத்திருக்க நான் என்ன கேனையனா? முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் பெட்டி பார்த்தவன் அக்கா நான். ஓடத் தகுதியில்லாத பெட்டி என்றால் சாக்பீஸை எடுத்து மேலே "கண்டம்" என்று எழுதுவோம், அப்புறம் மேலதிகாரியே வந்தாலும் அது நகராது. அதே மாதிரி துலுக்காணத்தின் ஏணியில் ஏறி, பெரிய கிளைகள் ஒன்பதையும் எண்ணி, ரோஸ் இருந்த எட்டிலும் கண்டம், கண்டம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். போன சனிக்கிழமை ஆள் வைத்து எட்டையும் இறக்கியாயிற்று. மீன் கொண்டுவரும் கங்கம்மா கேட்டில் கூடையை இறக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். "இன்னா சார் இது, மரத்துக்கு மொட்ட போட்டு வச்சுக்கீற? அது இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள். "உனக்குத் தெரியாதும்மா, இது பூஞ்சணம்" என்றேன். "யாரு அவரு?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் கூடையிலிருந்த சங்கரா மீனில் பாதியைப் பூனை தின்றுவிட்டது.

வெட்டின இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூச வேண்டும் என்று துண்டில் இருந்ததே, அதையும் விடவில்லை. கலக்குவதற்கு அகலமான பாத்திரம் கிடைக்கவில்லை, பரணில் ஒன்று இருந்தது, எடுத்துக் கலக்கினேன். நீலமாக, பார்க்க அழகாகத்தான் வந்தது. தபீதாள் வந்து பார்த்தாள் பார், அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "கேக்கு மாவு பிசையிற அண்டாவுலயா விஷத்தக் கலக்குனீங்க? அண்ணிக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆமாம் அக்கா, உன் அலுமினிய அண்டாதான். துத்தம் அரித்து அடி ஓட்டையாகிவிட்டது. என் கை இன்னும் நீலம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து போதகர் ஐயருக்குக் கை கொடுத்தேன், அவர் கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "தனசிங், உடம்பு நல்லாருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். வெட்டின கிளைகளை எரிக்கலாம் என்றால் மழை ஈரத்தில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, பின்பக்கம் குவித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள். ஒன்பதாவது கிளை பிழைத்துவிட்டது. தெருவைப் பார்த்து நீண்டிருக்குமே, அத்தான் வருஷா வருஷம் நட்சத்திரம் கட்டுவாரே, அதே கிளை. அதில் ஒரு பொட்டு ரோஸ் இல்லை. அடிப்பக்கம் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டடை, நுனியில் நாலு இலை பழுப்பு, அவ்வளவுதான். ஒட்டடையை அப்புறம் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நேற்றே அதில் நட்சத்திரம் கட்டி லைட்டும் போட்டுவிட்டேன். நீ ஆட்டோவில் வந்து இறங்கும்போது முதலில் அதுதான் உன் கண்ணில் படும். எட்டுப் போனாலும் அத்தான் கிளை நிற்கிறது, உன் தம்பி மரத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்து என்னை மன்னிப்பாய் என நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். உன் பிரயாணத்தைக் கர்த்தர் காக்கட்டும், பழைய அண்டாவை மறக்கும் மனதையும் அவரே உனக்குத் தரட்டும்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தனசிங்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் துலுக்காணம் ஏணி எடுக்க வந்தான். மரத்தைப் பார்த்ததும், "அய்யய்யோ, இன்னா சார், மரம் மொட்டையா கீது?" என்றான். நோயைச் சொன்னேன். பின்பக்கம் கூட்டிப்போய்க் கிளையைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சார், இது நம்ம பெயிண்டு சார். மொசைக்ல ஒரு சொட்டு வுழக்கூடாதுன்னு அக்கா சொல்லிச்சுல்ல? அதான், சாரத்துல நின்னுகினு பிரஷ்ஷ இந்தக் கெளைங்கள்ல தொடச்சிகினே இருந்தேன்" என்றான். அக்கா, ரோஸ் நீ சொன்னது, மொசைக் நீ சொன்னது, துண்டு நீ அனுப்பியது, இரக்கம் காட்டாதே என்றதும் நீ. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சத்தத்தைக் கேட்டு, காலையில்தான் ஊரிலிருந்து வந்த தட்சிணாமூர்த்தி சாரும் வந்தார். வெட்டின எட்டை அவர் பார்க்கவே இல்லை. நேராக நட்சத்திரத்துக்கு அடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, அந்த ஒட்டடையை விரலால் தடவினார். "தனசிங் சார், இது ஒட்டடை இல்ல. இதான் அந்த நோய். முதல்ல இப்படி வெள்ளையாத்தான் வரும், ரோஸ் அப்புறம்தான்" என்றார். இந்த ஒன்றை மட்டும் வெட்டினால் மரம் பிழைக்கும், மாசி பங்குனிக்குள் மற்ற எட்டு இடத்திலும் துளிர்க்கும் என்கிறார். விட்டால் அடிமரமே போய்விடுமாம். ரம்பத்தை எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா, ஆனால் நட்சத்திரத்தை அவிழ்க்கக் கை வரவில்லை. நீ சீக்கிரம் வந்து, பக்கத்தில் நின்று, வெட்டு என்று ஒரு வார்த்தை சொல்லு. துலுக்காணத்தின் பெயிண்ட் மட்டும் நல்ல கெட்டி. இத்தனை மழைக்கும் வெட்டிப்போட்ட கிளைகளில் இன்னும் போகவில்லை.