லிஃப்ட் ஆய்வாளர் எழுத்தாளர் ஆனது

லிஃப்ட் ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை காலை எழுத்தாளர் ஆனார். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது புரட்டிய வாரப் பத்திரிகைதான் அதற்குக் காரணம். தினமும் ஒரு மணி நேரம் எழுதினால் மனம் தெளியும், தூக்கம் வரும், கோபம் குறையும், ஞாபகம் கூடும் என்று போட்டிருந்தது. போடாமல் விட்ட ஐந்தாவது பலனை அவரே கண்டுபிடித்தார்: காலை ஆறிலிருந்து ஏழு வரை எழுதுகிறவன் துணிக்கு இஸ்திரி போட முடியாது.

மனைவி கணக்கு டீச்சர், ஏழே முக்காலுக்குக் கிளம்ப வேண்டியவள். கேட்டதும் சம்மதித்துவிட்டாள். அங்கேயே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும்.

"இஸ்திரியை நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க."

"நான் எழுதறதை நீ படிக்கக் கூடாது."

"நீங்களாக் குடுத்தாலொழிய தொட மாட்டேன். போதுமா?"

புது நோட்டு எதற்கென்று ஆபீஸ் அறிக்கைப் புத்தகத்தையே கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் தாள், அடியில் கார்பன், அதற்கும் அடியில் மஞ்சள் நகல். கதவைச் சாத்திக்கொண்டு வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தார். வாழ்க்கை வரவில்லை. குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம்தான் வந்தது. சரி, அதுவும் வாழ்க்கைதானே என்று அதை எழுதினார். அடுத்து பால்கனிக் கதவின் கிறீச்சு. இருபத்திரண்டு வருடம் பழகிய கை, விடுமா? குறை, இடம், சரிசெய்ய ஏழு நாள் கெடு, கையெழுத்து, தேதி என்று ஓடியது.

மனம் நிஜமாகவே தெளிந்தது. எழுதாதவன் மனுஷனே இல்லை என்று ஆபீசில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சலிக்க வைத்தார்.

இரண்டாவது ஞாயிறு, மனைவி ஒரு ஃபைலோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். உள்ளே பதினான்கு மஞ்சள் தாள்கள். ஆய்வாளர் மேல் தாளை எடுத்துப் பார்த்தார்; தன் கையெழுத்தேதான். எந்தக் கட்டடத்திலும் பொறுப்பாளர் கையில் நகலைத் திணிக்காமல் அவர் வெளியே வந்ததில்லை. தினமும் அறையைவிட்டு வரும்போது அந்தப் பாழாய்ப்போன கை தாளைக் கிழித்து, இஸ்திரி மேஜையில் நின்றவளிடம் நீட்டியிருக்கிறது.

"படிக்க மாட்டேன்னு சொன்னியே!"

"நீங்களாத்தானே குடுத்தீங்க? பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துகூடப் போட்டிருக்கேன், பாருங்க."

போட்டிருந்தாள். மொத்தம் முப்பத்தோரு குறைகள். கெடு தாண்டியவற்றைச் சிவப்பு மையால் சுழித்தும் இருந்தாள்.

"கெடு தாண்டினா உங்க ஆபீஸ்ல என்ன செய்வீங்க?"

"லிஃப்டையே நிறுத்திடுவோம்," என்றார் தொழில் கர்வத்தோடு. சொன்ன பிறகுதான் எந்த லிஃப்ட் நிற்கப்போகிறது என்று உறைத்தது. முந்திக்கொண்டு, எழுதுவதையே விட்டுவிடுவதாகவும், நாளையிலிருந்து இஸ்திரிப் பெட்டி தன் பொறுப்பு என்றும் தியாகி குரலில் அறிவித்தார்.

"ஐயையோ, அதை மட்டும் விட்டுடாதீங்க. கோபமெல்லாம் எவ்வளவு குறைஞ்சிருக்கு. ஆறுலேர்ந்து ஏழு ரிப்பேர் வேலை பாருங்க. இஸ்திரியை ராத்திரியே முடிச்சிடுங்க."

"அப்ப எழுதறது எப்ப?"

"அஞ்சு மணிக்கு. நாளைக்குச் சமையலறைல உக்காந்து எழுதுங்க, அந்தப் பக்கம் நீங்க இன்னும் வரவே இல்லை."