பெல்ட்டுக்கு ஊற்றிய நல்லெண்ணெய்

கல்லூரியில் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். அந்த உராய்வே என்னை நடுரோட்டில் நிறுத்தி மானத்தை வாங்கியது. போனது என் மானம் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கார் என் மகள் நித்யாவுடையது. அவள் கம்பெனி பஸ்ஸில் சிறுசேரிக்குப் போய்விடுவாள். காரை ஓட்டுவது, துடைப்பது, அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவது எல்லாம் நான்தான். அந்த மழைக்காலத்தில், காலையில் ஸ்டார்ட் செய்தால் போதும், வால் மிதிபட்ட பூனை மாதிரி கிறீச்சிடும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். (எங்கள் தெருவில் பலர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்கள்.)

"அப்பா, இன்ஜின் பெல்ட் வழுக்குது," என்றாள் நித்யா. "இன்ஜின் ஓடுறப்ப அதுமேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். சத்தம் நின்னுது, காஞ்சதும் திரும்ப வந்துடுச்சு. பெல்ட் தேஞ்சு போச்சு. மணி அண்ணாவை வந்து மாத்தச் சொல்லியிருக்கேன்."

மெக்கானிக் மணி வந்தார். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். தண்ணீருக்கே சத்தம் நிற்கிறதென்றால், காயாத எண்ணெய்க்கு நிரந்தரமாக நிற்காதா? பூஜை அறையில் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துப் போய், பெல்ட் முழுக்கத் தாராளமாக ஊற்றினேன். (உருளையை பெல்ட் சுழற்றுவதே உராய்வின் பிடிப்பால்தான் என்று எத்தனை பரீட்சையில் கேள்வி கேட்டிருப்பேன்!)

மறுநாள் ஞாயிறு. நித்யாவும் அவளோடு வேலை பார்க்கும் கார்த்திக்கும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தார்கள். சம்மதம் சொல்ல வேண்டியவர் கார்த்திக்கின் அம்மா மட்டும்தான். "திருநீர்மலைப் பெருமாளைச் சேவிச்சிட்டுப் பதில் சொல்றேன்," என்றிருந்தார். சகுனம் பார்க்கிறவர். அவரையும் அவர் கணவரையும் கோயிலுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு என்னுடையது.

சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை! வாசலில் நின்ற நித்யாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

கார்த்திக்கின் பெற்றோரை ஏற்றிக்கொண்டு தாம்பரம் தாண்டியதும் அந்த அம்மா மூச்சை இழுத்தார். "ஏங்க, கோயில் வாசனை இங்கயே வருது பாருங்க. நல்லெண்ணெய் விளக்கு வாசனை!" கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் பெருமாள் கிருபை," என்றேன். (பாவி!)

மலை கண்ணில் பட்ட சமயம் கார் அலறியது. பழைய கிறீச் எல்லாம் அதன் முன்னால் தாலாட்டு. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. முன்பக்கமிருந்து புகை. எப்படியோ ஓரங்கட்டினேன். அந்த அம்மா பூத்தட்டோடு குதித்து இறங்கினார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படியா!"

அப்போது என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. "நான் என்னங்க பண்றது? வண்டி பொண்ணோடது. அவ எதையும் கவனிக்கிறதே இல்லை."

சொன்னது நானா? அந்த அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உடனே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

போன் செய்ததும் நித்யா ஸ்கூட்டரில் மணியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மணி பானட்டைத் திறந்தார்.

"இன்னா சார் இது, பெல்ட்டுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிக்கீறீங்க? யாரு ஊத்துனது?"

நித்யா குனிந்து முகர்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "நான்தான் அண்ணா. தெரியாம ஊத்திட்டேன்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

"நீயா?" மணி சிரித்தார். "இன்னா பாப்பா, பேஜார் பண்றே! பெல்ட்ட மாத்தணும்னு கூப்ட்டதே நீதானே? உங்கப்பாதான் வாணாம்னு என்னை அனுப்சாரு."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான்தான் ஊத்தினேன்," என்றேன்.

"அது தெரியுது சார்," என்றார் அந்த அம்மா. "பழியை நீங்க தூக்கி அவ மேல போட்டீங்க. அவ உங்களுக்காக வாங்கிக்கிட்டா." பிறகு பூத்தட்டை நித்யாவின் கையில் கொடுத்தார். "வாம்மா, நடந்தே போலாம். என் பதிலைப் பெருமாள்கிட்ட சேர்ந்தே சொல்லிடுவோம்."

மூவரும் மலையை நோக்கி நடந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. இன்ஜின் ஆறியதும் மணி உருளைகளைச் சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகத் துடைத்து, புது பெல்ட்டை மாட்டி, தொய்வில்லாமல் முடுக்கினார். ஸ்டார்ட் செய்தபோது ஒரு முனகல்கூட இல்லை.

கல்யாணம் நடந்தது. இப்போது சம்பந்தி வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, கார்த்திக் குடையைத் தொலைத்துவிட்டு வந்தாலும் சரி, ஒரே தீர்ப்புதான். "பொண்ணு எதையும் கவனிக்கிறதே இல்லை!" என்று மொத்தக் குடும்பமும் கோரஸாகச் சொல்லிச் சிரிக்கும். நான் போயிருந்தால் இன்னும் சத்தமாக. எல்லோரையும்விட அதிகம் சிரிப்பவள் நித்யாதான். நானும் சிரிக்கிறேன். அந்த வாக்கியத்தை மட்டும் அவர்களோடு சேர்ந்து சொல்ல என்னால் முடிவதில்லை.